திருமண ஆயத்த வகுப்புக்குப் போனவர்கள் ஐந்து வருடம் கழித்தும் சந்தோசமாக இருக்கிறார்களா?

கொக்குவில்காரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வருகிற ஆவணியில் கலியாணம். பேசிச் செய்கிற கலியாணம்தான், பொருத்தம் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் சம்மதம். அவர் கட்டாரில் வேலை, கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் முதல்தான் லீவில் வருவார். யாழ்ப்பாணம் டவுனில் ஓரிடத்தில் கலியாணம் செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு சனி ஞாயிறில் ஒரு பயிற்சி வைக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் எப்படிக் கதைப்பது, சண்டை வந்தால் அதை எப்படி வளரவிடாமல் முடிப்பது, காசு, பிள்ளை, இரண்டு பக்கத்துப் பெற்றோர் என்று பல விசயம் இருக்கிறதாம். அவருக்குச் சொன்னேன், உனக்கு விருப்பம் என்றால் வருகிறேன் என்றார்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. நாங்கள் என்ன வகுப்புக்குப் போயா குடும்பம் நடத்தினோம், ஊர் கேட்டால் இதுகளுக்குள் ஏதோ பிரச்சினை என்றுதானே நினைக்கும் என்கிறார்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் அக்காவின் வீடு. அத்தான் நல்ல மனுசன், குடி கிடையாது, உழைப்பாளி. பிள்ளை பிறக்கும் வரை இரண்டு பேரும் அப்படி ஒற்றுமை. இப்போது ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையின் பால்மா, பள்ளிக்கூட வான் காசு தவிர வேறு ஒன்றும் கதைக்கிறதில்லை. சண்டை என்று சொல்லவும் முடியாது. அதுதான் எனக்குப் பயம்.

நல்லது, போங்கோ என்ற பதில் வேண்டாம். இப்படி வகுப்புக்குப் போன சோடிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்களா? அந்தத் திருப்தி நிலைக்கிறதா, அல்லது வகுப்பு முடிந்த சூட்டில் சில மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பழையபடி ஆகிவிடுகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாசிகசாலை

தங்கச்சி, நான் உளவியல் படித்து இப்போது அதையே படிப்பிக்கிறவன். பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், நிறையவே. பெரும்பாலும் அமெரிக்கா, அவுஸ்திரேலியா, ஜெர்மனியில் நடந்தவை, அதை மனதில் வைத்துக்கொண்டு வாசி.

சுருக்கமாக: சராசரிப் பலன் சின்னது. கதைக்கும் முறையில் அது முதலில் தெரியும், திருப்தியில் குறைவாகத் தெரியும். 2008இல் அலன் ஹோக்கின்சும் கூட இருந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தபோது, உறவின் தரத்தில் 0.24 முதல் 0.36 வரையும், கதைக்கும் திறனில் 0.36 முதல் 0.54 வரையும் விளைவு வந்தது. இந்த எண்ணை இப்படி விளங்கிக்கொள்ளலாம். வகுப்புக்குப் போகாத 100 சோடிகளைத் திருப்திப்படி கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்தினால், அவர்களுக்குள் நடுவில் நிற்பது 50ஆம் சோடி. 0.3 என்றால் வகுப்புக்குப் போன நடுத்தரச் சோடி அந்த வரிசையில் 62ஆம் இடத்தளவில் நிற்கும். வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றுகிற அளவு இல்லை, ஆனால் இரண்டு சனி ஞாயிறுக்கு அது மோசமும் இல்லை. ஒரு குறை, அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில மாதம் மட்டுமே பின்தொடர்ந்தவை.

அப்புறம் அமெரிக்க அரசு செலவழித்துப் பெரிய அளவில் இரண்டு ஆய்வுகள் நடத்தியது. சீட்டுக் குலுக்குவதுபோல் சோடிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு வகுப்பு, மற்றப் பாதிக்கு இல்லை. ஒன்று ‘சப்போர்ட்டிங் ஹெல்தி மரேஜ்’, வருமானம் குறைந்த, கலியாணம் செய்த 6,298 சோடிகள், எட்டு இடங்கள். 12 மாதத்திலும் 30 மாதத்திலும் பார்த்தார்கள். வகுப்பு கிடைத்தவர்கள் கொஞ்சம் கூடச் சந்தோசமாக, கொஞ்சம் அன்பாக இருந்தார்கள், இரண்டரை வருடத்திலும் அந்த வித்தியாசம் அழியவில்லை. ஆனால் சின்னது, மிகச் சின்னது. சேர்ந்து வாழ்கிறவர்களின் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. மற்றது ‘பில்டிங் ஸ்ட்ரோங் ஃபமிலீஸ்’, கலியாணம் செய்யாமல் பிள்ளை பெற்ற, பெறப்போகிற 5,000க்கு மேற்பட்ட சோடிகள். அதில் 15 மாதத்தில் சராசரியாக ஒரு பலனும் இல்லை. ஒக்லஹோமாவில் நல்ல பலன், பால்ரிமோரில் பாதகமான பலன், மற்ற இடங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. 36 மாதத்தில் பார்த்தபோதும் சராசரியாக உறவின் தரம் கூடியிருக்கவில்லை.

இன்னொன்று, நீ கேட்கிற திருப்தியும், சேர்ந்து இருப்பதும் ஒன்றாகவே போகும் என்று இல்லை. டென்வர் பல்கலைக்கழகத்தின் ஹொவார்ட் மார்க்மன், ஸ்கொட் ஸ்டான்லி ஆகியோர் உருவாக்கிய ‘பிரெப்’ என்ற பயிற்சியை அமெரிக்க இராணுவத்தில் ஒரு முகாமில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் வகுப்புக்குப் போனவர்களில் 8.1 வீதம் விவாகரத்து, போகாதவர்களில் 14.9 வீதம். கிட்டத்தட்டப் பாதி. ஆனால் திருப்தியை அளந்தால் இரண்டு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அவுஸ்திரேலியாவில் கிம் ஹல்ஃபோர்டும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் 83 சோடிகள். சிறு வயதில் பெற்றோர் பிரிந்ததைக் கண்ட பெண்கள், அப்பா அம்மாவுக்கு அடிக்கிறதைப் பார்த்து வளர்ந்த ஆண்கள் இருக்கிற சோடிகளை ஆபத்துக் கூடியவை என்று பிரித்து வைத்தார்கள். நான்கு வருடம் கழித்து, அந்தச் சோடிகளில் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் திருப்தியாக இருந்தார்கள். ஆபத்துக் குறைந்த சோடிகளில் நேரெதிர், பயிற்சி பெறாதவர்கள்தான் கூடத் திருப்தி. ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்டக்கூடாது, ஆனாலும் ‘எல்லாருக்கும் நல்லது’ என்று யாரும் சொன்னால் நான் இதைத்தான் நினைப்பேன். எங்கள் ஊரில் வீட்டுக்குள் அடி உதையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கொஞ்சப் பேரா? அவர்கள்தான் முதலில் போகவேண்டியவர்கள், அவர்கள்தான் போகிறதில்லை. தானாக விரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒற்றுமையாக இருக்கிற சோடிகள்.

அக்காவின் விசயத்துக்கு வருகிறேன். அது உன் அக்காவுக்கு மட்டும் நடப்பது இல்லை. முதல் பிள்ளைக்குப் பிறகு சராசரித் திருப்தி இறங்குவது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஆனால் எல்லாருக்கும் இறங்கியே ஆகும் என்றும் நினைக்காதே. ஜஸ்ரின் லவ்னரும் தோமஸ் பிரட்பரியும் புதிதாகக் கலியாணம் செய்த 464 பேரை நான்கு வருடம் பின்தொடர்ந்தபோது, உயர்ந்த திருப்தியோடு தொடங்கினவர்களில் பெரும்பாலானோர் அப்படியே இருந்தார்கள், தாழ்வாகத் தொடங்கினவர்கள்தான் வேகமாகச் சரிந்தார்கள். பிள்ளைப்பேற்றைச் சுற்றியே ஒரு பயிற்சியை கலிபோர்னியாவில் பிலிப் கவன், கரோலின் கவன் என்ற கணவன் மனைவி நடத்தினார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கி, வாரம் ஒரு தடவையாக 24 வாரம், சில சோடிகள் ஒன்றாக இருந்து கதைக்கிற குழு. பிள்ளைக்கு ஐந்தரை வயது ஆகும்வரை பார்த்தபோது, குழுவில் இருந்தவர்களின் திருப்தி மற்றவர்களைப்போல இறங்கவில்லை. 66 சோடிகள்தான், சின்ன ஆய்வு. ஆனால் உன் கேள்விக்கு மிகக் கிட்டிய பதில் அதுதான்: நீண்ட நாள் நடந்தது, சரியான நேரத்தில் நடந்தது, பலனும் நீண்டது.

கடற்கரை வீதி

நான் கத்தோலிக்கப் பெண், பாசையூர்ப் பக்கம். எங்களுக்குக் கோயிலில் கலியாணம் என்றால் ஆயத்த வகுப்பு கட்டாயம், அந்தக் கடிதம் இல்லாவிட்டால் சாமி நாள் குறிக்கமாட்டார். ஆகவே எங்கள் ஆட்களுக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கோ தங்கச்சி. ஊரில் எல்லாரும் போகிற ஒன்றுக்குப் போனால் யாரும் கதை கட்டப்போவதில்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால் நாங்கள் போன வகுப்பில் முக்கால்வாசி பிரசங்கம். திருவருட்சாதனம் பற்றி சாமி, குடும்பக்கட்டுப்பாடு பற்றி ஒரு டொக்டர், பிறகு வயதான ஒரு சோடி வந்து விட்டுக்கொடுத்துப் போங்கோ என்றார்கள். கேட்டுக்கொண்டு இருந்தோம், தலையாட்டினோம், வீட்டுக்கு வந்தோம். அதில் ஒன்றும் இன்று எனக்கு நினைவில்லை.

ஒரே ஒரு விசயம் மட்டும் நின்றது. ஒரு சிஸ்டர் எங்களைத் தனித்தனி மேசையில் இருத்தி, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் சில கேள்விகளுக்கு எழுதச் சொன்னார். கலியாணத்துக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுக்க நினைக்கிறீர்கள், எந்த வீட்டில் இருக்கப் போகிறீர்கள், இரண்டு பேரில் ஒருவருக்கு வெளிநாடு கிடைத்தால் என்ன செய்வீர்கள், கோபம் வந்தால் கத்துவீர்களா, கதைக்காமல் இருப்பீர்களா. பிறகு தாளை மாற்றி வாசிக்கச் சொன்னார். இவர் தன் இரண்டு தங்கச்சிமாரின் சீதனம் முடியும்வரை சம்பளத்தில் பாதி வீட்டுக்குத்தான் என்று எழுதியிருந்தார். எனக்கு அது அன்றுதான் தெரியும்! அன்றைக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனால் தாலி ஏற முதல் தெரிந்ததால், எவ்வளவு, எத்தனை காலம் என்று இருந்து கதைத்து ஒரு கணக்குக்கு வந்தோம். பின்னாளில் தெரியவந்திருந்தால் என்னிடம் மறைத்தார் என்றுதான் நான் நினைத்திருப்பேன், அந்த நினைப்பு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், என் கூடப் பிறந்தவளின் வீட்டில் கண்டிருக்கிறேன்.

ஆகவே நீங்கள் போகிற இடத்தில் பேச்சு மட்டுமா, அல்லது இரண்டு பேரையும் இருத்தி ஏதாவது செய்விக்கிறார்களா என்று முதலில் கேளுங்கோ. பேச்சு மட்டும் என்றால் அந்த இரண்டு ஞாயிறும் வீட்டில் சும்மா இருக்கலாம்.

தென்மராட்சியான்

வாசிகசாலை அண்ணை சொன்ன கணக்கெல்லாம் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பயிற்சிகள் எல்லாம் பிரச்சினை இரண்டு பேருக்கும் இடையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன. எங்கள் இடத்தில் அப்படியா? மாப்பிளை சீதன வீட்டில் போய் இருக்கிறான், பக்கத்து அறையில் மாமா மாமி, முற்றத்துக்கு அங்கால மச்சாள் குடும்பம். கணவன் மனைவி சத்தமில்லாமல் ஒரு மணித்தியாலம் மனம்விட்டுக் கதைக்க இடமே இல்லாத வீடுகள் எத்தனை. மனைவியிடம் ஒன்றைச் சொன்னால் விடிய அது மாமிக்குத் தெரியும் என்றால் எவன் வாய் திறப்பான்? இதை எந்தப் பயிற்சி மாற்றும்?

அடுத்தது காசு. நுண்கடன் எடுத்துவிட்டு வாரா வாரம் கட்டுகிற வீட்டில், மாதக் கணக்கில் மேசன் வேலை இல்லாமல் இருக்கிற வீட்டில், ‘நான் இப்படி உணர்கிறேன்’ என்று ஆரம்பித்துக் கதைக்கப் பழக்கினால் என்ன நடக்கும்? கடன் அப்படியே இருக்கும். ஸ்பொன்சருக்காக வருடக் கணக்கில் காத்திருக்கிற சோடிகள் வேறு. கலியாணம் முடித்து சில கிழமை ஒன்றாக இருந்துவிட்டு அவன் கனடாவுக்குப் போய்விட்டான், இவள் இங்கே வட்ஸ்அப்பில் குடும்பம் நடத்துகிறாள். அவர்கள் திருப்தி குறைகிறது என்றால் கதைக்கத் தெரியாததாலா?

நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்பு எடுத்தும் சரிவரவில்லை என்றால் அந்தப் பிள்ளை தன்னிலேயே குறை என்று நினைக்கக்கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

வாசிகசாலை

தென்மராட்சியான், நீங்கள் சொல்வதோடு எனக்குப் பெரிதாகச் சண்டை இல்லை. பென்ஜமின் கார்னியும் பிரட்பரியும் 1995இலேயே இதை எழுதினார்கள்: ஒரு சோடி எப்படிப் போகும் என்பதை அவர்கள் கதைக்கும் முறை மட்டும் தீர்மானிப்பதில்லை, ஒவ்வொருவரும் கொண்டுவருகிற பழைய காயங்களும், வெளியிலிருந்து வருகிற நெருக்கடிகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. வகுப்பு தொடுவது இந்த மூன்றில் ஒன்றைத்தான், அதனால்தான் சராசரிப் பலன் இவ்வளவு சின்னதாக வருகிறது என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று. கடற்கரை வீதி அக்கா சொன்ன அந்தத் தாள் கடனை அடைக்கவில்லை, தங்கச்சிமாரின் சீதனத்தைக் குறைக்கவில்லை. அந்த நெருக்கடி ஒருவருக்கு எதிராக மற்றவரைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டது. அது சின்ன விசயம் என்று நான் நினைக்கவில்லை.

வேப்பமரத்தடி

நான் ஒரு பிரதேச செயலகத்தில் உளவளத்துணைப் பகுதியில் வேலை செய்கிறேன், இடம் சொல்லவில்லை. ஒரு விசயத்தை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். வீட்டில் அடி இருந்தால், பயமுறுத்தல் இருந்தால், ஃபோனைப் பறித்து வைக்கிறது, வெளியே விடாமல் வைக்கிறது என்று இருந்தால், சோடியாகப் போகிற வகுப்பு அதற்கு மருந்து இல்லை. இப்படி வகுப்புகளில் இரண்டு பேரும் பயமில்லாமல் வாய் திறக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். பயந்து இருக்கிற பெண் அங்கே உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போய் அதற்கு அடி வாங்குவாள். மேலே சொன்ன பால்ரிமோரில் 15 மாதத்தில் கண்ட பாதகங்களில் ஒன்று, கடுமையாகத் தாக்கப்பட்டதாகச் சொன்ன பெண்களின் வீதம் மற்றப் பகுதியைவிட அங்கே கூடுதலாக இருந்தது. இப்படி நிலைமை என்றால் தனியாக வாருங்கள், அல்லது 1938க்கு எடுங்கள், அது பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம்.

மற்றபடி, பலருக்குத் தெரியாதது: பிரதேச செயலகத்தில் உளவளத்துணை இலவசம். ஆட்கள் வராததற்குக் காரணம் காசு இல்லை, ஊருக்குள் கதை போய்விடும் என்ற பயம்தான். அந்தப் பயம் நியாயமானது, எங்களுக்கும் விளங்குகிறது. வேண்டுமென்றால் உங்கள் பிரிவில் இல்லாமல் பக்கத்துப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம்.

புதுமணத் தம்பதிகளை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கூப்பிட்டு ஒரு அமர்வு வைக்கிறார்கள், அதற்கும் இரண்டு பேருமாகப் போங்கோ. அது பெரும்பாலும் உடம்பு பற்றியது, ஃபோலிக் அமிலம், இரத்தப் பரிசோதனை, தலசீமியா, பிள்ளைக்கு ஆயத்தமாவது. உறவு பற்றி அங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அங்கே பழக்கமாகிற குடும்பநல உத்தியோகத்தர்தான் பிறகு பிள்ளை பிறந்ததும் உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர். அக்காவின் வீட்டைப்போல ஆகிவிடுமோ என்று எப்போதாவது தோன்றினால் முதலில் அவரிடம் வாய் திறப்பது லேசு. நித்திரையில்லாமை, பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு இதெல்லாம் வெளியில் இருந்து பார்க்கப் ‘புருசன் பெண்சாதி கதைக்கிறதில்லை’ என்றுதான் தெரியும். உங்கள் அக்காவுக்கு அப்படி ஏதும் இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா?

கொக்குவில்காரி

எல்லாருக்கும் நன்றி. வேப்பமரத்தடி, கடைசியில் கேட்டதற்குப் பதில், யாரும் கேட்கவில்லை. நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

பயிற்சி நடத்துகிற இடத்துக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். பேச்சுப் பாதி, சோடி சோடியாக இருந்து செய்கிறது பாதி என்றார்கள். ஆனால் நாள்தான் பொருந்தவில்லை, அவர் வர முதலே இந்தத் தடவை முடிந்துவிடும். வகுப்பு இல்லாமல், அவர் அங்கேயும் நான் இங்கேயும் இருந்துகொண்டு ஃபோனில் செய்யக்கூடியது ஏதாவது ஆய்வில் இருக்கிறதா வாசிகசாலை அண்ணை?

வாசிகசாலை

இருக்கிறது. இரண்டு விதம்.

பிரையன் டொஸ் என்பவர் இணையவழிப் பயிற்சி ஒன்றை 300 சோடிகளிடம் பரீட்சித்து 2016இல் வெளியிட்டார். இடையிடையே ஒரு பயிற்றுநர் ஃபோனில் கொஞ்ச நேரம் கதைப்பார், மிச்சம் எல்லாம் சோடிகளே வீட்டில் செய்வது. திருப்தி கூடியது, ஒரு வருடம் கழித்தும் அது நின்றது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே மனஸ்தாபத்தில் இருந்த சோடிகள், உங்களைப்போலப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இல்லை.

உனக்குப் பொருந்துவது மற்றது. ரொனல்ட் ரொக்கும் பிரட்பரி உள்ளிட்ட சிலரும் 174 புதுமணச் சோடிகளைப் பிரித்து, சிலருக்கு பிரெப், சிலருக்கு வேறொரு பயிற்சி, சிலருக்குப் படம் பார்க்கிற வேலை கொடுத்தார்கள், மிச்சப் பேருக்கு ஒன்றும் இல்லை. படம் பார்க்கிறவர்கள் செய்யவேண்டியது, கணவன் மனைவி பற்றிய படங்களை ஒன்றாகப் பார்த்து, அந்தச் சோடி எப்படிச் சண்டை பிடித்தது, எப்படிச் சமாதானமானது, நாங்கள் இதில் எப்படி என்று குறிப்பிட்ட கேள்விகளை வைத்துக் கதைப்பது. மொத்தம் ஒரு மாதம்தான், அதற்குள் சில படங்கள். 2013இல் வந்த முடிவின்படி மூன்று வருடத்தில், ஒன்றும் கிடைக்காதவர்களில் 24 வீதம் பிரிந்திருந்தார்கள், மூன்று விதப் பயிற்சியிலும் 11 வீதம்தான். படம் பார்த்தவர்கள் மற்ற இரண்டு பகுதிக்கும் சளைக்கவில்லை. இதுவும் பிரிவைப் பற்றிய கணக்கு என்பதைக் கவனித்துக்கொள்.

ஆகவே இப்படிச் செய்யலாம். அவருக்கு வெள்ளி லீவுதானே, வியாழன் இரவு இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வீடியோவில் அதைப் பற்றிக் கதையுங்கள். குடும்பத்துக்குள் இழுபடுகிற தமிழ்ப் படம் எதுவும் போதும். அந்தச் சோடியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் உங்களைப் பற்றிக் கதைப்பது தானாக வரும், நேரே கேட்கக் கூச்சமான கேள்விகூட வரும். கடற்கரை வீதி அக்காவின் கேள்விகளை அவர் லீவில் வந்ததும் தாளில் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள், அதை ஃபோனில் செய்யவேண்டாம். பயிற்சி நடத்துகிறவர்களிடம் அடுத்த தடவை எப்போது என்று கேட்டு வை. கலியாணத்துக்குப் பிறகு, முக்கியமாக நீ பிள்ளைக்கு ஆயத்தமாகிற நேரத்தில், இரண்டு பேருமாகப் போனால் அது இப்போது போவதைவிடப் பயன்படும் என்றுதான் நான் நினைக்கிறேன்.